பிக்கப்பின் பேட்டரியைப் பின்னால் மாற்றினால் எடை சமமாகுமா?

ஜூன் 4

ஒரு வாசகர் கேட்டது, அப்படியே போடுகிறேன்:

"இசுசூ வி-கிராஸ், 2.5 லிட்டர் டீசல். காலி வண்டியில் பின்பக்கம் மிதக்கிறது. மழையில் வால்பாறை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் பின் சக்கரம் வெறுமனே சுற்றுகிறது. பேட்டரியை என்ஜின் அறையிலிருந்து எடுத்து லோடு பெட்டியில் வைத்தால் எடை 50-50 ஆகிவிடும் என்கிறார் ஒருவர். கேபிள் எத்தனை தடிமன் வாங்கலாம்?"

50-50 ஆகாது. அதற்குப் பக்கத்தில்கூடப் போகாது. கேபிள் அப்புறம், முதலில் கணக்கு.

ஜூன் 5

காலி வி-கிராஸ் ஏறக்குறைய 1,900 கிலோ. பிக்கப் என்றால் மூக்கு கனமாகத்தான் இருக்கும். லோடு ஏறும் என்று நினைத்து வடிவமைத்த வண்டி அது. லோடு இல்லாதபோது பின்பக்கம் இளைத்துத் தெரியும். முன் அச்சில் 1,090, பின் அச்சில் 810 என்று வைத்துக்கொள்வோம். 57-43.

டீசல் வண்டி பேட்டரி 20 கிலோ. முன் அச்சுக்கு நேர்மேலே இருந்ததைப் பின் அச்சுக்கு நேர்மேலே கொண்டு போனால் அந்த 20 கிலோவும் முழுதாக இடம் மாறும். முன்னே 1,070, பின்னே 830. அதாவது 56-44.

ஒரே ஒரு சதவீதம். 50-50 வேண்டுமென்றால் முன்னாலிருந்து 140 கிலோ பின்னால் போக வேண்டும், ஏழு பேட்டரி. பானட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள், எத்தனை இருக்கிறது என்று.

பின் அச்சுவரை போகாமல் நடுவில் வைத்தால் பலன் அந்த விகிதத்தில் குறையும். நகர்த்திய தூரத்தை வீல்பேஸால் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள தூரம்) வகுத்துப் பேட்டரி எடையால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். வி-கிராஸின் வீல்பேஸ் 3,095 மி.மீ. கேபினுக்குப் பின்னால், சேஸிஸ் ஓரமாக, 2 மீட்டர் தள்ளி வைத்தால் பின்னால் போவது 13 கிலோ.

ஜூன் 5, இரவு

இதே சூத்திரத்தில் இன்னொன்று. 65 கிலோ மச்சானைப் பின் சீட்டில் உட்கார வைத்தால் பின் அச்சில் 40 கிலோவுக்கு மேல் ஏறும். இரண்டு பேட்டரியை மாற்றியதற்குச் சமம். மச்சானுக்குக் கேபிள், ஃபியூஸ் எதுவும் வேண்டாம். டீ மட்டும் வாங்கித் தர வேண்டும்.

ஜூன் 7

"பிஎம்டபிள்யூ காரில் பேட்டரி டிக்கியில்தானே இருக்கிறது, அவர்கள் முட்டாள்களா?" என்று ஒருவர்.

முட்டாள்கள் இல்லை. அவர்கள் தொடங்கும் இடம் வேறு. என்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, 51-49 வரை வந்துவிட்ட காரில் கடைசி ஒரு சதவீதத்துக்குப் பேட்டரியை நகர்த்துவதில் அர்த்தம் உண்டு. 57-இல் நிற்கும் பிக்கப்பில் அந்த ஒரு சதவீதம் தெரியவே தெரியாது.

மாஸ்டா எம்எக்ஸ்-5 1989-இல் வந்தபோதே பேட்டரி டிக்கியில்தான். அதுவும் அமிலம் வழியாத மூடிய வகை, வாயு வெளியேறத் தனிக் குழாயோடு. 1959-இன் பழைய மினியிலும் டிக்கியில்தான், ஆனால் அங்கே காரணம் இடப் பற்றாக்குறை. எல்லாவற்றையும் எடைக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அந்த பிஎம்டபிள்யூவிலேயே இன்னொரு விஷயம் யாரும் சொல்வதில்லை. இ46 மாடலில் பாசிட்டிவ் முனையில் சிறு வெடிமருந்து வைத்திருக்கிறார்கள். மோதல் நடந்தால் ஏர்பேக் கணினி அதை வெடிக்க வைத்து, முன்னால் போகும் தடித்த கேபிளை பேட்டரியிலிருந்து துண்டித்துவிடும். காரின் முழு நீளத்துக்கும் ஒரு பாசிட்டிவ் கேபிளை ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. நம் ஊரில் அதே கேபிளை நைலான் டேக் போட்டுக் கட்டி அனுப்புகிறார்கள்.

ஜூன் 8

வளைவில் ஏறும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் வண்டியின் எடை தானாகவே பின்னால் சாயும். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ., ஏற்றம் 7 சதவீதம் என்று வைத்தால் பின் அச்சுக்குக் கூடுதலாகப் போவது 30 கிலோ. பேட்டரி தருவதைவிட அதிகம், ஓசியில்.

அப்படி இருந்தும் உள் சக்கரம் சுற்றுகிறதே? என்ஜின் சக்தியை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலில் பிடி குறைந்த சக்கரம் எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் மற்றதும் தள்ளும். வளைவில் உள் சக்கரம் இலேசாகிவிடும். கூடவே, லோடு சுமக்கச் செய்த ஸ்பிரிங் பட்டை, காலி வண்டியில் வளைந்து கொடுக்காது. மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். 20 கிலோவுக்கு அந்தப் பட்டை அசையக்கூட அசையாது.

முதலில் பின் டயர் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் காலிக்கும் லோடுக்கும் தனித்தனி அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். லோடு அளவுக்கு ஏற்றிய காற்றோடு வருஷம் முழுக்கக் காலியாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். காற்று அடிக்கிற பையன் கேட்காமலே ஏற்றிவிடுவான்.

ஜூன் 11

கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். பேட்டரி எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் அனுப்பினார். எனக்குத் தெரிந்தது வேறு: வண்டிக்கு முன்னால் சாமி தேர் வடம் மாதிரி இரும்பு. புல் பார் (பம்பருக்கு முன்னால் போடும் இரும்புத் தடுப்பு) 40 கிலோ, அதற்குள் வின்ச் (சேற்றில் சிக்கினால் வண்டியை இழுக்கும் மோட்டார்) 35 கிலோ.

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

அது அச்சுக்கு மேலே இல்லை, அச்சுக்கு முன்னால் 90 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. முன் சக்கரத்தை நடுப்புள்ளியாக வைத்தால் நெம்புகோல்தான். 75 கிலோ முன் அச்சில் 97 கிலோவாக இறங்குகிறது. மீதி 22 கிலோ எங்கிருந்து வந்தது? பின் அச்சைத் தூக்கிவிட்டு வந்தது. உங்கள் வண்டி 57-43 இல்லை, 60-40.

இரண்டையும் கழற்றினால் பின் அச்சுக்கு அந்த 22 கிலோ திரும்பி வரும். பேட்டரியைப் பின் அச்சுக்கு மேல் மாற்றினால் 20. ஒரு அடி கேபிள்கூட இல்லாமல் அதைவிட நல்ல பலன், முன்னே 97 கிலோ இறக்கமும் சேர்த்து.

அது போக, 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார் கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. செக்போஸ்ட்டில் பிடிக்கவில்லை என்பதால் சரியாகிவிடாது.

ஜூன் 12

"வின்ச் இல்லாமல் எஸ்டேட் பாதையில் எப்படிப் போவது?" நியாயமான கேள்வி. எஸ்டேட் பாதைக்குத் தினமும் போகிறவர் என்றால் வின்ச் இருக்கட்டும், பாரைக் கழற்றுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறவர் என்றால் கயிறும் நண்பனும் போதும்.

இன்னொருவர் "4எச் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே" என்கிறார். நான்கு சக்கரத்தையும் என்ஜின் சுற்ற வைக்கும் நிலை அது. சேற்றிலும் சரளையிலும் சரி. தார் ரோட்டுக் கொண்டை ஊசியில் வேண்டாம். இந்த வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் போக வேண்டும். போக முடியாமல் உள்ளே முறுக்கேறும். ஸ்டியரிங் பிடித்து இழுப்பது தெரியும். ரோடு முழுக்க ஈரமாக, பாசியாக இருந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அவ்வளவுதான்.

ஜூன் 15

இதுவரை படித்தவர்கள் "அப்படியானால் நீ ஏன் உன் வண்டியில் மாற்றினாய்?" என்று கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், என் பிக்கப்பில் பேட்டரி சேஸிஸ் ஓரத்தில்தான் இருக்கிறது. எடைக்காக இல்லை, சூட்டுக்காக.

ஈய-அமில பேட்டரிக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதி. பொள்ளாச்சி ஏப்ரலில் வெளியிலேயே 38 டிகிரி, டர்போ பக்கத்தில் கேட்கவே வேண்டாம். உத்தரவாதக் காலம் முடிந்த கையோடு பேட்டரி படுப்பது எனக்கு வாடிக்கையாகிப்போனது. வெளியே வைத்த பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை வெகுவாகக் குறைந்தது.

ஆகவே முதல் நாள் சொன்னதில் ஒரு நுணுக்கம் சேர்க்கிறேன். எடைக்காக மட்டும் செய்யாதீர்கள். சூட்டுக்காகவோ, இரண்டாவது பேட்டரிக்கு இடம் தேவைப்பட்டோ செய்வதானால் எடை லாபம் கொசுறாக வரும், வாங்கிக்கொள்ளுங்கள்.

இதிலும் ஒரு இடக்கு இருக்கிறது. சில வண்டிகளில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் என்ஜின் அறைச் சூட்டைப் பார்த்து சார்ஜ் வோல்ட்டைக் குறைக்கும். பேட்டரி மட்டும் வெளியே குளிரில் இருந்தால் கொஞ்சம் பட்டினி கிடக்கும். நம் ஊரில் பெரிதாகத் தெரியாது, ஊட்டிக்காரர்கள் கவனிக்கலாம். நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள புது வண்டிகளில் அந்த சென்சாரும் பேட்டரியோடு போக வேண்டும், அதன் வயரை நீட்ட வேண்டும். உத்தரவாதம் மீதமிருந்தால் தொடவே தொடாதீர்கள்.

ஜூன் 16

கேபிள். இதைத்தான் முதலில் கேட்டார், நான் இழுத்தடித்துவிட்டேன்.

செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சுற்றத் தொடங்கும் நொடியில் அதைவிட மிக அதிகம். கணக்குக்கு 300 என்று வையுங்கள். கேபிள் 5 மீட்டர். 25 சதுர மி.மீ. செம்பு என்றால் வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். 50 என்றால் அரை வோல்ட். 70 என்றால் 0.4-க்குக் கீழே. இது பாசிட்டிவ் பக்கம் மட்டும்.

ஒரு வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியே பத்தரை வோல்ட்டுக்கு வந்து நிற்கும். அதில் ஒன்று போனால் மோட்டார் மெதுவாகச் சுற்றும், என்ஜினுக்கு டீசலை அழுத்தத்தோடு கொடுக்கும் காமன் ரெயிலில் அழுத்தம் ஏறத் தாமதமாகும், காலையில் வண்டி இழுத்து இழுத்து எடுக்கும். என் வோட்டு 50-க்கு, மலைக் குளிரில் நிறுத்துகிறவர்களுக்கு 70.

5 மீட்டர் 50 சதுர மி.மீ. செம்பு இரண்டே கால் கிலோ, மேல் உறை தனி. 20 கிலோவை நகர்த்த இரண்டரை மூன்று கிலோ புதிதாக ஏற்றுகிறோம் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். போல்ட் போட்டு முறுக்குகிற, மெதுவாக உருகும் வகை. ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால்தான் ஒரு சாண். "செல்ஃப் லைனுக்கு ஃபியூஸ் போட மாட்டோம்" என்பார் எலக்ட்ரீஷியன். ஒரு மீட்டர் கேபிளுக்கு அவர் சொல்வது வழக்கம்தான். வண்டி நீளத்துக்குச் சேஸிஸ் இரும்பை உரசிப் போகும் கேபிளுக்கு அந்த வழக்கம் பொருந்தாது. அமெரிக்காவில் டிராக் பந்தயம் நடத்தும் என்எச்ஆர்ஏ, பேட்டரியை இடம் மாற்றிய வண்டிக்கு வெளியிலிருந்தே அணைக்கக்கூடிய மெயின் சுவிட்ச் பின்பக்கம் இருந்தே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. பந்தயக்காரர்களுக்கே பயம் இருக்கிறது.

எர்த் பக்கம்தான் பாதிப் பேர் கோட்டை விடும் இடம். கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, என்ஜினும் ரப்பர் மேல். பேட்டரி நெகட்டிவை சேஸிஸில் முறுக்கினால் மட்டும் மின்சாரம் என்ஜினுக்குப் போய்விடாது. சேஸிஸிலிருந்து என்ஜின் பிளாக்குக்கு அதே தடிமனில் இன்னொரு கேபிள் வேண்டும். அங்கே ஏற்கெனவே இருக்கும் பழைய பின்னல் பட்டையை நம்ப வேண்டாம்.

ஊரில் ஒரு பட்டறையில் செய்து வாங்கிய வண்டி ஒன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றது. டக் டக் என்று சத்தம், செல்ஃப் சுற்றவில்லை. சேஸிஸ் எர்த் போல்ட்டைத் தொட்டால் கை சுட்டது. கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் கம்பெனி பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருக்கிறது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் மின்சாரம் போயிருக்கிறது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, முறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். முதல் சாவியிலேயே எடுத்தது.

ஜூன் 17

வெல்டிங் கேபிள் வாங்கலாமா என்று மூன்று பேர். வாங்கலாம், நன்றாக வளையும். ஆனால் மலிவாகக் கிடைப்பதில் பாதி அலுமினியம், செம்பு நிறம் பூசியது. ஒரு இழையைப் பிரித்துப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே எடை சொல்லிவிடும்.

கேபிள் முனையில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்காதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருக்கும் பேனல் போர்டு கடையில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

ஜூன் 19

கேட்டவர் எடை மேடைக்குப் போய் வந்துவிட்டார். இப்படி ஆள்தான் எனக்குப் பிடிக்கும்.

முழு வண்டி, ஆள் இறங்கி: 1,980. முன் சக்கரம் மட்டும் மேடையில்: 1,190. அப்படியென்றால் பின்னே 790. 60-40.

இந்தச் சீட்டில் எல்லா எண்ணும் பூஜ்யத்தில் முடிவதைக் கவனித்தீர்களா? லாரிக்கான மேடை 10 கிலோ படிகளில்தான் காட்டும். பேட்டரியை மாற்றிவிட்டு வந்தால் சீட்டில் இரண்டு படி ஏறும், அதுவும் மேடை மனசு வைத்தால். 20 கிலோ மாற்றத்தைச் சரியாக அளக்கக்கூடிய மேடை பக்கத்தில் இல்லை என்பதே ஒரு பதில் மாதிரிதான். முன் சக்கரம் மட்டும் ஏற்றும்போது வெளியே இருக்கும் தரை மேடையோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும், சாய்வில் நின்றால் எண் பொய் சொல்லும்.

ஜூன் 22

லாரி ஓட்டும் ஒருவர் தனியாக எழுதியிருந்தார்: "எங்க வண்டியில கம்பெனிக்காரனே சேஸிஸ் ஓரமாத்தான் வெச்சிருக்கான். ராத்திரி நிறுத்திட்டுத் தூங்கினா காலையில ரெண்டு பேட்டரியும் இருக்காது."

உண்மை. கனரக லாரியில் 24 வோல்ட், இரண்டு பேட்டரி. இரும்புப் பட்டையும் பூட்டும் போடாத லாரி அபூர்வம். சேஸிஸ் ஓரத்துக்கு மாற்றுகிறவர்கள் பெட்டிக்குப் பூட்டு போடுங்கள். அடியில் தண்ணீர் வடியத் துளை, முன் சக்கரச் சேறு அடிக்காமல் ஒரு தடுப்பு, சைலன்ஸர் இல்லாத பக்கம். ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார், முடிந்தால் பேட்டரியை இடது பக்கம் வையுங்கள். அந்தப் பக்கம் இடம் இல்லாவிட்டால் அதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 23

"லோடு பெட்டியில் டெயில் கேட்டை ஒட்டி வைத்தால் நெம்புகோல் இன்னும் நமக்குச் சாதகம்தானே?" புல் பார் கணக்கைப் படித்துவிட்டுக் கேட்கிறார். கணக்குப்படி சரி. பின் அச்சுக்கு 90 செ.மீ. பின்னால் வைத்தால் 20 கிலோ 26 ஆகும்.

ஆனால் கனத்தை இரண்டு நுனிகளுக்குக் கொண்டு போனால் வண்டி திரும்பச் சோம்பல்படும், ஒருமுறை வால் வீசத் தொடங்கினால் நிற்கவும் சோம்பல்படும். ஈர ரோட்டில் அந்த 6 கிலோ லாபத்துக்கு இது தேவையில்லை. அது மட்டுமா, பின்னால் ஒருவன் வந்து இடித்தால் முதலில் நசுங்குவது பேட்டரி.

பெட்டிக்குள் வைப்பதே எனக்குப் பிடிக்காது. கடப்பாரை, ஸ்பேனர், கம்பிக் கட்டு என்று எதையும் தூக்கி எறிகிற இடம் அது. ஒரு கம்பி இரண்டு முனையிலும் விழுந்தால் போதும், வெல்டிங் கடைதான். வைத்தே தீர வேண்டுமென்றால் மூடிய பெட்டி, முனைகளுக்கு ரப்பர் உறை, தகரத் தரையில் இல்லாமல் சேஸிஸ்வரை போகும் போல்ட். மேலே கேனோபி (லோடு பெட்டிக்கான மேல்மூடி) போட்டிருந்தால் வாயு வெளியேறக் குழாய் கட்டாயம். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

ஜூன் 30

மணல் மூட்டை. 100 கிலோ, நேராகப் பின் அச்சுக்கு மேல். புல் பார் இல்லாத காலி வண்டியில் முன்னே 1,090, பின்னே 910, அதாவது 54.5-45.5. பின் அச்சில் ஏறும் எடை பேட்டரி மாற்றத்தைப் போல ஐந்து மடங்கு, செலவு மணலுக்குத்தான். கட்டாமல் போடாதீர்கள், பிரேக் அடித்தால் மூட்டை கேபின் பின்சுவரில் வந்து முட்டும். டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும். மழை முடிந்ததும் இறக்கிவிடலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்தது.

ஜூலை 6

லித்தியம் பேட்டரி பற்றி ஒருவர். 20 கிலோ போய் ஆறேழு கிலோ ஆகும், இடம் மாற்றாமலே முன்னே 13 குறையும். பந்தயக்காரர்களுக்குச் சரி. என்ஜின் சூட்டில் அதுவும் சீக்கிரம் கிழடாகும், விலையும் பல மடங்கு. அந்தக் காசுக்கு நல்ல டயர் போடுங்கள்.

ஜூலை 14

கேட்டவர் பாரையும் வின்ச்சையும் கழற்றிவிட்டார். மறுபடி மேடை: முன்னே 1,090, பின்னே 810. வின்ச்சைக் கொட்டகையில் வைத்திருக்கிறாராம், பார் காயலான் கடைக்கு. பின் டயர் காற்றையும் ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கியிருக்கிறார். வால்பாறை போய் வந்து எழுதியது ஒரே வரி: "சுத்துறது நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன், ஆனா இப்ப பயமில்ல." பேட்டரி இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஜூலை 15

சூட்டுக்காக மாற்றியே தீருவேன் என்ற கோபிசெட்டிபாளையம் வாசகருக்கு: வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் பிடித்துக்கொண்டு ஒருவரை சாவி போடச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அப்புறம் பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே அதே மாதிரி, இங்கே 0.3-க்கு மேல் போகக் கூடாது. போனால் கேபிளைக் குறை சொல்லாமல் போல்ட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். என்ஜின் அறையில் பழைய பாசிட்டிவ் முனைக்கு மூடியோடு ஒரு ஸ்டட் (கேபிள் மாட்டும் போல்ட் முனை) விட்டு வையுங்கள், நடு ரோட்டில் ஜம்ப் கொடுக்க வருகிறவன் பானட்டைத்தான் திறப்பான். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.